இறங்கிய மரம், ஏறிய மலை

டெல்லியின் வெப்பநிலைப் பட்டியலில் சஃப்தர்ஜங், பாலம் ஆகியவற்றோடு லோதி ரோடும் இடம்பெறும். இந்திய வானிலைத் துறையின் தலைமையகமான மௌசம் பவன் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. துறை தொடங்கியது 1875இல். ஆனால் அதற்குப் பல லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய வெயிலையும் மழையையும் அறிய, கல்லில் பதிந்த இலை, காய், மரத்துண்டுகளைத்தான் நாட வேண்டும். டெல்லி ரிட்ஜ் பாறைகளில் அவற்றைத் தேடிப் பயனில்லை. நிலத்தில் செடிகொடிகள் தோன்றும் முன்பே உருவான பாறைகள் அவை.

இலையின் விளிம்பே ஒரு சாட்சி. வெப்பமான தாழ்நிலக் காடுகளில் மா இலைபோல விளிம்பு வழுவழுப்பான இலைகள் மிகுதி. குளிர்ந்த மேட்டுநிலங்களில் ரம்பப் பல் விளிம்புகள் கூடும். அமெரிக்கத் தாவரவியலாளர்கள் பெய்லியும் சின்னட்டும் 1915இல் இதைக் காலநிலையின் அளவுகோலாக முன்வைத்தார்கள்.

ஆனால் புதைந்த இடமெல்லாம் வளர்ந்த இடமல்ல. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் சுமார் இரண்டு கோடி ஆண்டுப் பழமையான கல்மரங்கள் கிடக்கின்றன. வளையங்களும் கணுக்களும் தெளிவாகத் தெரியும். வேரும் கிளையும் மட்டும் இல்லை. வேறெங்கோ வளர்ந்து, ஆற்று வெள்ளத்தில் உருண்டு வந்து மணலில் புதைந்தவை என்பதற்கு அதுவே தடயம்.

காஷ்மீரில் கதை நேர்மாறு. பீர் பாஞ்சால் மலைச் சரிவில், 10,000 அடிக்கு மேலே, பழைய ஏரிப் படிவுகளான கரேவாவில் சிங்காரா காய்களின் புதைபடிவங்கள் கிடைத்தன. டெல்லித் தெருக்களில் கூறுகட்டி விற்கும் அதே நீர்த்தாவரத்தின் இனம். இன்று அது காஷ்மீரில் வளர்வது பள்ளத்தாக்கின் வூலர் போன்ற ஏரிகளில். கூடவே ஓக் இலைகள். பள்ளத்தாக்கில் இன்று ஓக் இயற்கையாக வளர்வதில்லை. லக்னோ பேராசிரியர் பீர்பல் சாஹ்னி 1936இல் இதற்கு விடை சொன்னார்: செடி மேலே போகவில்லை, ஏரித் தரையே உயர்ந்துவிட்டது, அதுவும் மனிதன் தோன்றிய பிறகு. உயர்ந்த மலை பருவமழையை மறிக்க, ஈரம் நாடும் ஓக் மறைந்தது. ஒரு மலையின் உயர்வை நீர்ச்செடியின் காயைக்கொண்டு கணித்தது இந்திய அறிவியலின் பெருமைமிக்க தருணம்.

லக்னோவில் பயின்ற சீன அறிஞர் சூ ஜென், 1964இல் திபெத்தின் ஷிஷாபங்மா சிகரப் பகுதியில் ஏறத்தாழ 5,900 மீட்டர் உயரத்தில் கிடைத்த ஓக் இலைகளை ஆராய்ந்து இதே வழியில் சென்றார். அந்த இலைகள் வளர்ந்த காலத்தில் உலகமே இன்றைவிட வெப்பமாக இருந்ததால், உயர வேறுபாடு முழுவதையும் மலையின் கணக்கில் எழுதிவிட முடியாது என்பதும் உண்மை.

காஷ்மீரில் இன்று சாலைக்கும் ரயில் பாதைக்கும் செங்கல் சூளைக்கும் கரேவா மண் லாரி லாரியாக வெட்டி எடுக்கப்படுகிறது. படித்து முடிக்காத ஏடுகள் அவை. வெட்டுவதற்கு முன் ஆய்வாளர்களை அனுமதிப்பதாவது கட்டாயமாக வேண்டும்.