மகளின் வளவு: கல்முனைக் கரையோர முஸ்லிம்களின் குடிமரபும் சட்டமும்

2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் இலங்கை முஸ்லிம்களின் அடையாளம் பற்றிய பேச்சு பெரும்பாலும் உடையிலேயே சிக்கிக்கொண்டது. அபாயாவும் முகத்திரையும் அரபுப் பெயர்ப்பலகையும் வெளியிலிருந்து வந்த மாற்றத்தின் சான்றுகளாகக் காட்டப்பட்டன. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை போன்ற ஊர்களின் மரபை அறிய அவை போதா. அவ்வூர்களின் குடும்ப அமைப்பைத் தாங்கி நிற்பது மகளுக்கு எழுதப்படும் வீடும் வளவுமே.

இக்கல்முனைக் கரையோரத்தில் குடி எனப்படும் குலப்பிரிவு தாய்வழியே வருகிறது. ஒரே குடிக்குள் மணம் கொள்ளாதது மரபு. பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் (பொறுப்பாளர்) என்ற முறை நெடுங்காலம் இருந்தது. அயலிலுள்ள தமிழரிடமும் தாய்வழிக் குடி உண்டு. மணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் இளையவர்களோடு பக்கத்தில் வேறு வீடு கட்டிக் குடிபோவதும் வழக்கம். அக்கரைப்பற்றை ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இவ்வமைப்பை விரிவாக விளக்கியுள்ளார்.

இதை இஸ்லாத்துக்கு முந்திய எச்சம் என்று ஒதுக்குவோர் உண்டு. அக்கருத்தை ஏற்பதற்கில்லை. மரணத்தின்பின் சொத்துப் பிரியும்போது மகளுக்கு மகனின் பங்கில் பாதி என்பது ஷரீஅத் விதி. 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டமும் அவரவர் மத்ஹபின் (சட்டநெறிப் பிரிவின்) விதியையே பின்பற்றச் சொல்கிறது. உயிரோடிருக்கும்போது நன்கொடை உறுதி எழுதிக் கையளித்த வீடோ அந்தப் பங்கீட்டுக்குள் வராது; அது ஹிபா எனும் வாழ்நாள் நன்கொடை. மேற்குச் சுமாத்திராவின் மினாங்கபாவ் மக்களும் கண்ணூர் மாப்பிளைமாரும் இலட்சத்தீவினரும் தாய்வழி மரபோடு முஸ்லிம்களாகவே வாழ்ந்து வந்துள்ளனர். இந்துமாக்கடலின் இஸ்லாம் கண்ட வழிகளுள் இதுவும் ஒன்று.

சீதனத்தின் கொடுமை வேறு விடயம்; அதை மறைக்கக் கூடாது. பெண்ணுக்கு வீடு கட்ட வளைகுடாவில் உழைத்துத் தேய்ந்த தகப்பன்மாரும் சகோதரர்களும், பணிப்பெண்களாகப் போன தாய்மாரும் இங்கே ஏராளம். மஹர் கொடுக்க வேண்டிய மாப்பிள்ளை கைக்கூலி கேட்பதைச் சீர்திருத்தவாதிகள் கண்டிப்பது முற்றிலும் நியாயம். ஆயினும் மாப்பிள்ளை கைக்குப் போகும் பணமும் மகள் பெயரில் நிற்கும் வீடும் ஒன்றல்ல. முன்னது அவளைக் கடனாளி வீட்டுப் பெண்ணாக்குகிறது. பின்னது தலாக்கின் பின்னும் அவளைத் தெருவில் விடாது.

2004 டிசம்பர் சுனாமி இந்த வேறுபாட்டைக் கடுமையாகக் காட்டியது. வடக்குக் கிழக்கில் முதலில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டத் தடை வந்தபோது, தாய்வழியாக வந்த வளவுகளும் அதற்குள் அகப்பட்டன. குடும்பத் தலைவர் ஆண் என்று கொள்ளும் நிர்வாகப் பழக்கம், மாற்று வீடுகள் ஆண்களின் பெயரில் பதியப்படவும் இடமளித்தது. கடல் வீட்டை அழித்தது. பெண்ணின் உரிமையைக் குலைத்தது பதிவேடு.

1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலியை மனைவி மீளப்பெற வழி வைத்துள்ளது. அது பணத்தையும் அசையும் பொருளையுமே குறிக்கிறது; வீட்டையும் காணியையும் அல்ல. ஆகவே இச்சட்டத்தைத் திருத்த முனைவோர், மகளுக்கு வீடு கொடுப்பதாகச் சொல்லப்படும் ஒவ்வொரு திருமணத்திலும் உறுதி அவள் பெயரிலேயே எழுதப்பட்டதை விவாகப் பதிவில் குறிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகங்கள் சட்டம் வரும்வரை காத்திராமல் இதை இன்றே தொடங்கலாம்.