ஊர்வனவற்றின் தோல் புண்களுக்குக் குருத்தணுச் சிகிச்சை

ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்கள் தம்மைப் பெருக்கிக்கொள்வதோடு வேறு வகை உயிரணுக்களாகவும் மாறவல்லவை. அவற்றையோ அவை சுரக்கும் பொருள்களையோ கொண்டு பாம்பு, பல்லி, ஆமை, முதலை ஆகியவற்றின் புண்களை ஆற்ற முயல்வதே இச்சிகிச்சை. குதிரைகளின் மூட்டு நோய்க்கான குருத்தணு மருந்து ஒன்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் அனுமதி அளித்தது. ஊர்வனவற்றில் இம்முறை இன்னும் ஆய்வு நிலையில்தான் உள்ளது. பாலூட்டிகளுக்கு வகுத்த முறை இவற்றுக்கு அப்படியே பொருந்தாது. ஊர்வனவற்றின் உடலியல்பே சிகிச்சைக்கு அடிப்படையாக வேண்டும்.

ஊர்வனவற்றின் உடல்வெப்பம் சூழலைச் சார்ந்தது. புண் ஆறும் வேகமும் அதற்கேற்ப மாறும். குளிரில் இருக்கும் பாம்பைவிட, தனக்கு உகந்த வெதுவெதுப்பில் இருக்கும் பாம்பின் புண் விரைவாக ஆறுகிறது. பாலூட்டிகளின் அணுக்களோ வழக்கமாக 37 பாகை செல்சியஸில் வளர்க்கப்படுபவை. நெதர்லாந்து ஆய்வாளர்கள் பாம்பின் நச்சுச் சுரப்பியிலிருந்து ஆர்கனாய்டு எனப்படும் சிற்றுறுப்புகளை ஆய்வகத்தில் வளர்த்து 2020-இல் அறிவித்தார்கள். வெப்பத்தை 32 பாகைக்குக் குறைத்த பிறகே அவை தழைத்தன. ஊர்வனவற்றின் சீழும் வேறு வகையானது. நீர்த்து வடியாமல் கெட்டியாக உறைந்துவிடுவதால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அதை அகற்றாமல் மேலே அணுக்களை இடுவதால் பயன் விளையாது.

சிறுத்தைப் பல்லியின் தோல் முழு ஆழத்துக்கு வெட்டுண்டாலும் வடுவின்றி ஆறுவதைக் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். தானே ஆறும் உடலுக்குச் சிகிச்சை எதற்கு என்று கேட்கலாம். ஆனால் இந்தத் திறன் எல்லா ஊர்வனவற்றுக்கும் வாய்த்ததன்று. சூடேற்றியில் வெந்த பாம்பின் தோலும், படகு மோதிய கடலாமையின் காயமும் பல மாதங்கள் ஆறாமல் கிடக்கலாம். பல்லி தரும் பாடம் வேறு: வடுவின்றி ஆறுவது ஊர்வன உடலுக்கு இயலாததன்று. 2021-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மரபணு திருத்திய நரம்புக் குருத்தணுக்களைப் பல்லி வாலில் பதித்து, மீண்டும் வளர்ந்த வாலின் உள்ளமைப்பையே மாற்றினார்கள். அது தோல் ஆய்வன்று. எனினும், பதித்த அணு ஊர்வன உடலில் நிலைத்துச் செயல்பட முடியும் என்பதற்கு அது சான்று.

செலவு மிகுதி என்பது இன்னொரு மறுப்பு. ஆனால் இனப்பெருக்க வயதை எட்டவே பல ஆண்டுகள் ஆகும் கடலாமைகளில், முதிர்ந்த பெண் ஆமை ஒன்றைக் காப்பதும் இனத்தைக் காப்பதாகும். ஆயினும் செலவை நியாயப்படுத்த நல்ல நோக்கம் மட்டும் போதாது. வெப்பமும் தூய்மையும் சீரானாலே பல புண்கள் ஆறிவிடும். ஆகவே அதே வெப்பத்தில், அதே பராமரிப்பில், அணு இடப்படாத புண்களையும் உடன்வைத்து ஒப்பிட்ட பிறகே குணம் குருத்தணுவால் வந்தது என்று சொல்ல முடியும்.