கடல் கடந்து கிடைத்த கப்பல் மணி



நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வெள்ளி மோதிரம் ஒன்று இருந்தது. முத்திரை இல்லாத கடிதத்தை ரோமர்கள் ஏற்கமாட்டார்கள் என்று சொல்லப்பட்டபோது செய்யப்பட்டது அது. ‘முஹம்மது’ ஒரு வரி, ‘ரசூல்’ ஒரு வரி, ‘அல்லாஹ்’ ஒரு வரி என மூன்று வரிகள் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. அவர்களுக்குப் பின் அபூபக்கர் (ரலி), உமர் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகியோரின் கரங்களில் அது இருந்து வந்தது. உஸ்மான் (ரலி) அவர்கள் அரீஸ் கிணற்றின் மீது அமர்ந்திருந்த வேளையில் கைநழுவி உள்ளே விழுந்துவிட்டது. மூன்று நாட்கள் தேடினார்கள், கிணற்று நீர் முழுவதையும் இறைத்தும் பார்த்தார்கள், கிடைக்கவில்லை.

மோதிரம் போய்விட்டது, அதன் வரலாறு புகாரீ ஷரீஃபில் நமக்காக நிற்கிறது. இதற்கு நேர்மாறாக, பொருள் பத்திரமாக இருந்து வரலாறு தொலைந்துபோன ஒன்றும் உண்டு. அது தமிழ் முஸ்லிம்களின் கப்பல் மணி. ஜமாஅத்தார் பலரும் கேள்விப்பட்டிராத செய்தியாதலால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

நியூசிலாந்தின் வடபகுதியில் வாங்கரை என்றோர் ஊர் உள்ளது. 1836ஆம் ஆண்டளவில் வில்லியம் கொலென்சோ என்னும் கிறிஸ்தவ ஊழியர் அப்பக்கம் சென்றபோது, அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்கள் வெண்கலப் பாத்திரம் ஒன்றில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைக் கண்டார். உற்றுப் பார்த்தால் அது பாத்திரமன்று; உடைந்த மணி. புயலில் சாய்ந்த பெருமரத்தின் வேரடியில் கிடைத்தது என்றனர் அம்மக்கள். கொலென்சோ ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்து மணியை வாங்கிக்கொண்டார். அவர் அச்சுத் தொழில் அறிந்தவர். 1837இல் மாவோரி மொழியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவரும் அவரே. எழுத்துக்களோடு வாழ்ந்த மனிதராதலால்தான், மணியின் விளிம்பைச் சுற்றி ஓடிய கோடுகள் வெறும் அலங்காரமல்ல என்று அவர் கண்ணுக்குப் பட்டிருக்க வேண்டும். எனினும் அவராலும் அவற்றைப் படிக்க இயலவில்லை. பின்னர் தமிழறிந்தோர் அதைப் படித்தனர்: “முகையிதீன் வகுசு உடைய கப்பல் உடைய மணி.”

முஹ்யித்தீன் என்பது பக்தாதில் அடங்கியிருக்கும் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் சிறப்புப் பெயர். ‘மார்க்கத்தை உயிர்ப்பித்தவர்’ என்பது அதன் பொருள். ‘பக்ஷ்’ என்பது கொடையைக் குறிக்கும் பாரசீகச் சொல். அது தமிழ் நாவில் ‘வகுசு’ ஆகியிருக்கிறது. முஹ்யித்தீன் பக்ஷ் என்பது கப்பலின் சொந்தக்காரரா அல்லது கப்பலுக்கே இட்ட பெயரா என்றால், வாசகம் இரண்டுக்கும் இடம் தருகிறது.

எழுத்தமைப்பைக் கொண்டு மணிக்கு 500 ஆண்டு வயது சொன்னோரும் உண்டு. அவ்வளவு பழமையன்று, 17 அல்லது 18ஆம் நூற்றாண்டினது என்போரும் உண்டு. அக்காலங்களில் பரங்கிப்பேட்டை, நாகூர், காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம்கள் சொந்தக் கப்பல்களில் துணி ஏற்றி அச்சே, மலாக்கா, கெடா வரை வணிகம் செய்துவந்தனர். அங்கிருந்து நியூசிலாந்து இன்னும் பல ஆயிரம் மைல். கப்பலே வழிதவறிச் சென்றதா, மணி கைமாறி வேறொரு கப்பலில் போனதா என்பதற்குச் சான்று கிடையாது. “குக்குக்கு முன்பே நம்மவர்கள் நியூசிலாந்தைக் கண்டுபிடித்தார்கள்” என்று மேடையில் முழங்குவோர் உண்டு. மணி அவ்வளவு சொல்லவில்லை. அது சொல்லாததை நாம் அதன் வாயில் திணிப்பது தகாது.

ஆனால் சான்றோடு கூடிய வேறொரு செய்தி இருக்கிறது. அது நம் வாசலிலிருந்தே புறப்படுகிறது. 1769 ஜூன் மாதம் புதுச்சேரியிலிருந்து ‘சேன் ழான் பத்தீஸ்த்’ என்னும் பிரெஞ்சுக் கப்பல் சுர்வீல் என்ற தலைவரின் கீழ்ப் பாய் விரித்தது. அதே ஆண்டு டிசம்பரில் நியூசிலாந்தின் வடபகுதியை அடைந்தது. அக்கப்பலில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒருவரும் வங்காளத்தைச் சேர்ந்த ஒருவருமாக இரு முஸ்லிம் லஸ்கர்கள் இருந்தனர். அந்நாட்டுக்குச் சென்ற முதல் இந்தியர்களாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பது இவ்விருவரையே. புயலில் அக்கப்பல் அங்கேயே நங்கூரங்களை இழந்தது. 1974இல் அவை கடலடியில் கண்டெடுக்கப்பட்டன. ஒன்று வெலிங்டனிலுள்ள தே பாப்பா அருங்காட்சியகத்திற்கு வந்து சேர்ந்தது. கொலென்சோ விட்டுச்சென்ற மணியும் அதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது! மணியும் அக்கப்பலில் சென்றதோ என்று எண்ண மனம் ஆசைப்படுகிறது. அதற்கும் ஆதாரமில்லை, விட்டுவிடுவோம்.

நம்மைச் சிந்திக்க வைப்பது வேறொன்று. படிக்கத் தெரிந்தவர் பார்க்கும்வரை அம்மணி கிழங்கு வேகும் சட்டியாக இருந்தது. அப்பெண்கள் மேல் குற்றமில்லை. அது அவர்கள் அறியாத எழுத்து. நம் வீடுகளிலோ நம் எழுத்தையே நாம் அறியாதிருக்கிறோம்.

நல்லவாட்டிலும் சுற்றுப்புறங்களிலும் பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது, பரணிலிருந்து இறங்கும் பழைய கிதாபுகளைச் சாக்கில் கட்டிப் பள்ளிவாசலில் வைத்துவிட்டுப் போவது வழக்கமாக உள்ளது. எழுத்து அரபு, ஆகவே குர்ஆன் ஷரீஃப் என்று எண்ணி, மரியாதையாக மண்ணில் அடக்கம் செய்யச் சொல்கிறார்கள். நோக்கம் நல்லதே. ஆனால் அவற்றுள் பல அரபுத்தமிழ்க் கிதாபுகளாக இருக்கும். ட, ண, ள, ழ போன்ற தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துக்களோடு கூடுதல் புள்ளிகளும் குறிகளும் இட்டு நம் முன்னோர் எழுதியவை அவை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) (1816–1898) அவர்களின் ‘மகானி’ அவ்வாறு எழுதப்பட்ட ஃபிக்ஹு நூல்தான். தமிழ் எழுத்துக் கற்காத நம் பாட்டிமார் பலரும் தொழுகைச் சட்டங்களை அரபுத்தமிழிலேயே படித்தறிந்தார்கள். பிள்ளை பிறந்த பிறையும் பெரியவர் மௌத்தான பிறையும் கிதாபின் கடைசித் தாளில் குறித்துவைப்பதும் அன்று வழக்கம். பிறப்புச் சான்று இல்லாத காலத்துக் குடும்பங்களுக்கு அந்த ஒரு தாளே சான்று. அதையும் சேர்த்தே மண்ணில் வைத்துவிடுகிறோம்.

எனவே ஜமாஅத்தார்களை நாம் வேண்டுவது ஒன்று. சாக்கைக் கட்டுமுன் கிதாபுகளைப் பிரித்த நிலையிலேயே கொண்டு வாருங்கள். அஸர் தொழுகைக்குப் பின் நாம் பள்ளியில் இருப்போம். குர்ஆன் ஷரீஃபின் சிதைந்த ஏடுகளை முறைப்படி அடக்கம் செய்வோம். அரபுத்தமிழில் உள்ளவற்றைப் படித்து, கடைசித் தாளில் யார் பெயர் இருக்கிறது, எந்த ஹிஜ்ரி ஆண்டு என்பதைத் தமிழில் ஒரு சீட்டில் எழுதிக் கிதாபோடு உங்களிடமே திருப்பித் தருவோம், இன்ஷா அல்லாஹ்.