இளைச்சுட்டியே!

தேக்காவில், பஃபலோ ரோட்டுப் பூக்கடைப் பக்கம் தெரிந்தவர் யாரைப் பார்த்தாலும் பாட்டி கேட்கும் முதல் கேள்வி, "என்னம்மா, இப்படி இளைச்சுட்ட?" கேட்கும்போது குரலில் நிஜமான கவலை இருக்கும். பிறகு என்னை முன்னால் இழுத்து, "எம் பேத்தியப் பாரு, பூசினாப்ல இருக்கா. அதான் லட்சணம்" என்பார்.

பாட்டியின் அளவுகோலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி ரேஷனாகிவிட, சிங்கப்பூர் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தது. அப்போது சிறுமியாக இருந்தவருக்கு எலும்பு தெரிவது பசியின் அடையாளம். சதைப்பிடிப்பு என்றால் அந்த வீட்டுப் பானையில் சோறு இருக்கிறது என்று அர்த்தம்.

தமிழ் சினிமாவும் பாட்டி பக்கம்தான் இருந்தது. 1991இல் 'சின்னத்தம்பி' வந்தது. அந்தக் காலத்தில் குஷ்புவின் புஷ்டியைக் கொண்டாடாத ஆளில்லை. மெத்தென்ற இட்லிக்கே அவர் பெயரை வைத்தார்கள்.

அடுத்த ஆண்டே, 1992இல், சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 'ட்ரிம் அண்ட் ஃபிட்' திட்டம் தொடங்கியது. சுருக்கமாக 'டாஃப்'. உயரத்துக்கு மேல் எடையுள்ள மாணவர்களுக்குக் கூடுதல் உடற்பயிற்சி. நானும் அதில் இருந்தேன். இடைவேளையில் தோழிகள் கேண்டீனில் மீ சாப்பிட, நாங்கள் திடலைச் சுற்றி ஓடினோம். டாஃபின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் 'ஃபேட்'. அதைக் கண்டுபிடிக்க பையன்களுக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. சனிக்கிழமை தேக்காவில் லட்சணமாக இருந்த உடம்பு, திங்கட்கிழமை பள்ளியில் கேலிக்குரியதாகிவிடும். 2007இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

அதற்குள் இன்னொரு கோடும் நகர்ந்திருந்தது. ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு, இதயநோய் அபாயம் கூடுகிறது என்பதால், 2005இல் சிங்கப்பூர் பெரியவர்களுக்கான உடல் நிறைக் குறியீட்டின் ஆரோக்கிய எல்லையை 25லிருந்து 23க்கு இறக்கியது. நியாயமான மருத்துவக் காரணம்தான். எங்கள் குடும்பத்திலேயே சர்க்கரை இல்லாத ஆள் குறைவு. ஆனால் நோய்க்காகப் போட்ட கோட்டை நாம் அழகுக்கும் சேர்த்தே எடுத்துக்கொண்டோம். அந்த எண் டாக்டர் அறையோடு நிற்கவில்லை. சேலைக்கடைக்கும் பெண் பார்க்கும் பேச்சுக்கும் வந்துவிட்டது.

போன மாதம் அதே பஃபலோ ரோட்டில் பழைய பள்ளித்தோழியைப் பார்த்தேன். "ஏய், இளைச்சுட்டியே! சூப்பர்டி!" என்றாள். பாட்டியின் அதே சொல். கவலை மட்டும் காணோம்.

டெங்கு வந்து இரண்டு வாரம் படுத்துக் கிடந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். "தேங்க்ஸ்" என்றுதான் வந்தது.

பாட்டி இருந்திருந்தால், "மொதல்ல சாப்பிட்டியா?" என்று கேட்டிருப்பார்.