இரட்டைச் சமயப் பற்று: கிறித்தவமும் பௌத்தமும்

ஒருவர் ஒரே காலத்தில் கிறித்தவராகவும் பௌத்தராகவும் வாழ முற்படுவதை இரட்டைச் சமயப் பற்று என்பர். மேலை நாடுகளில் இது பெரும்பாலும் தியானப் பயிற்சியையும் இறையியலையும் ஒட்டி எழும் கேள்வி. தமிழரிடையே அதற்கு இன்னொரு முகமும் உண்டு. சாதி இழிவிலிருந்து வெளியேற முனைந்த ஒடுக்கப்பட்ட மக்கள் நாடிய பெருவழிகளில் இவ்விரு சமயங்களும் அடங்கும். கர்நாடக மாநிலம் கோலார் மாவட்டத்தில் அமைந்த கோலார் தங்கவயல் இதற்குத் தெளிவான சான்று. இங்கு 'இரண்டையும் பின்பற்றலாமா?' என்ற கேள்வி கோட்பாட்டோடு முடிவதில்லை. சாதிச் சான்றிதழ் வரை நீள்கிறது.

கோட்பாட்டு நிலை

உலகைப் படைத்த ஒரே கடவுள், அவர் மனிதனாகப் பிறந்த இயேசு, அவரது சிலுவைச் சாவாலும் உயிர்ப்பாலும் கிடைக்கும் மீட்பு ஆகியவை கிறித்தவத்தின் அடிப்படை. பௌத்தம் படைப்புக் கடவுளை ஏற்பதில்லை. துன்பம், அதன் காரணம், அதன் நீக்கம், நீக்கும் வழி என்ற நான்கு வாய்மைகளும், நிலையான ஆன்மா இல்லை என்ற அனாத்மக் கொள்கையும் அதன் அடிப்படை. பேதைமை முதலாகத் துன்பம் வரை ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் பன்னிரு நிதானங்களை மணிமேகலைக் காப்பியத்தின் இறுதிக் காதை தமிழில் விரிவாக விளக்குகிறது. அருளால் வரும் மீட்பும் அறிவால் வரும் விடுதலையும் வெவ்வேறானவை. இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு 'எல்லாம் ஒன்றே' என்பது இரு சமயங்களுக்கும் நேர்மை செய்வதாகாது.

நடைமுறையில் இரண்டும் வெவ்வேறு அளவில் இறுக்கம் காட்டுகின்றன. பத்துக் கட்டளைகளில் முதலாவது, வேறு தெய்வ வழிபாட்டை விலக்குகிறது. திருமுழுக்கு ஒரு திருச்சபையின் உறுப்பினராக்குகிறது. பௌத்தத்தில் புத்தம், தம்மம், சங்கம் என்ற மும்மணிகளைச் சரணடைந்து பஞ்சசீலம் ஏற்பவர் இல்லறப் பௌத்தர் ஆகிறார். சமண இல்லறத்தாரான உபாலி தம்மிடம் சரணடைந்தபோது, நிகண்டர்கள் எனப்பட்ட சமணத் துறவியருக்கு வழக்கமாக இட்டுவந்த உணவை நிறுத்த வேண்டாம் என்று புத்தர் சொன்னதாக மச்சிம நிகாயத்தின் உபாலி சூத்திரம் கூறுகிறது. பழைய உறவை முறிக்காமலே புதிய நெறியில் நடக்க இது இடம் தருகிறது. ஆனால் எல்லாப் பௌத்தரும் இப்படிக் கருதுவதில்லை. அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் தம் மக்களுக்கு அளித்த 22 உறுதிமொழிகளில் ஒன்று, புத்த தம்மமே மெய்யான சமயம் என்று ஏற்கச் செய்கிறது. அவ்வழி வந்த பௌத்தரிடம் இரட்டைப் பற்றுக்கு இடம் குறைவு.

தங்கவயலில் இரு சமயங்கள்

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் கோலாரில் பெரிய அளவில் தங்கம் எடுக்கத் தொடங்கியது. வட ஆர்க்காடு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தமிழர்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர், சுரங்கங்களில் இறங்கினர். மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை சென்ற அந்தச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. தொழிலாளர் குடியிருந்த லைன் வீடுகளைச் சுற்றி அம்மன் கோயில்களும், கத்தோலிக்க, சீர்திருத்தச் சபைத் தேவாலயங்களும், பௌத்தச் சங்கங்களும் தோன்றின.

தமிழ்ப் பௌத்த மறுமலர்ச்சியின் தலைவர் அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914). அவர் 1898இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டின் துணையோடு கொழும்பு சென்று சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். சென்னை இராயப்பேட்டையில் தென்னிந்திய சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 ஜூன் 19இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார்; மறு ஆண்டு அது 'தமிழன்' ஆயிற்று. தங்கவயலின் மாரிக்குப்பத்தில் சங்கத்தின் கிளை வலுவாக வேரூன்றியது. எம். ஒய். முருகேசம் போன்றோர் அதை வளர்த்தனர். பண்டிதரின் மறைவுக்குப் பின் ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழைத் தங்கவயலிலிருந்தே நடத்தினார். பண்டிதரின் நூல்கள் பலவற்றைத் தங்கவயலின் சாம்பியன் ரீஃப்ஸ் பகுதியிலிருந்த சித்தார்த்தா புத்தகசாலை வெளியிட்டது.

தாழ்த்தப்பட்டோர் பூர்வ பௌத்தர்கள் என்பது பண்டிதரின் நிலைப்பாடு. அதனால் பௌத்தம் ஏற்பது அவர் பார்வையில் மதமாற்றம் அன்று; இழந்ததை மீட்பது. தேவாலயத்துக்குள்ளும் சாதி தொடர்வதை அவர் கடுமையாகக் கண்டித்தார். மறுபுறம், மிஷன் பள்ளியும் மருத்துவமனையும் தந்த கல்வியையும் மதிப்பையும் கிறித்தவரான தொழிலாளர்கள் கைவிட விரும்பவில்லை. ஒரே சாதி, ஒரே லைன், ஒரே சுரங்கம் என்று வாழ்ந்தவர்கள் சுயமரியாதை என்ற ஒரே இலக்கை இரு கதவுகள் வழியாகத் தேடினர். தங்கவயலின் இரட்டைச் சமய வரலாற்றைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல்.

சட்ட நிலை

இந்திய அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மனச்சான்று உரிமையையும், விரும்பிய சமயத்தைத் தழுவிப் பின்பற்றும் உரிமையையும் தருகிறது. ஒருவர் ஞாயிறன்று திருப்பலி காண்பதையும் வைசாகப் பௌர்ணமியன்று விகாரைக்குச் செல்வதையும் எந்தச் சட்டமும் தடுப்பதில்லை. சிக்கல் பட்டியல் சாதி நிலையில் எழுகிறது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே உள்ளனர். ஆதிதிராவிடர் ஒருவர் பௌத்தரானால் பட்டியல் சாதி நிலை தொடரும், கிறித்தவரானால் நீங்கும். கர்நாடகத்தில் கிறித்தவராக மாறிய பட்டியல் சாதியினர் பிற்படுத்தப்பட்டோரின் முதல் பிரிவில் வைக்கப்பட்டுள்ளனர்.

1985ஆம் ஆண்டின் சூசை வழக்கில், மதம் மாறிய பின்னும் அதே அளவிலான சாதி இடர்ப்பாடு நீடிக்கிறது என்பதற்குப் போதிய சான்று வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. 2007இல் அரசிடம் அளிக்கப்பட்ட ரங்கநாத் மிஸ்ரா ஆணைய அறிக்கை, பட்டியல் சாதி நிலையைச் சமயத்திலிருந்து பிரிக்கப் பரிந்துரைத்தது. இதே கேள்வியை ஆராய 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. 2024 நவம்பரில் புதுச்சேரி வழக்கொன்றில், கிறித்தவ வழிபாட்டைத் தொடர்ந்துகொண்டே இடஒதுக்கீட்டுக்காக இந்து என்று உரிமை கோருவதை உச்ச நீதிமன்றம் மறுத்தது.

திருமணத்திலும் பிரிவு உண்டு. பௌத்தர்களுக்கு 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் பொருந்தும். கிறித்தவர்களுக்கு 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டம் உள்ளது. மணமக்களில் ஒருவர் மட்டும் கிறித்தவராக இருந்தாலும் அது பொருந்தும். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருவருக்கும் பொதுவான வழி.

தியான வழி: பெருமாள்மலை

இரண்டையும் வாழ்க்கையில் இணைத்த தமிழர் எனக் குறிப்பிடத்தக்கவர் இயேசு சபைக் குருவான அருள் மரிய ஆரோக்கியசாமி. ஆமா சாமி என்று அறியப்படும் இவர் 1936இல் பர்மாவில் பிறந்தார். ஜப்பானின் கமகுராவில் யமதா கோவுன் என்ற ஜென் ஆசானிடம் பயின்று, 1982இல் கற்பிக்கும் தகுதி பெற்றார். கொடைக்கானல் அருகே பெருமாள்மலையில் 1996இல் போதி ஜென்டோ என்ற தியான மையத்தை உருவாக்கினார். பல நாட்டினரும் வெவ்வேறு சமயத்தினரும் அங்கு வந்து அமர்ந்திருக்கின்றனர். ஜென்னையும் கிறித்தவத்தையும் ஒன்றாகக் கரைத்துவிடாமல், இரண்டுக்கும் இடையே நின்று உரையாடுவது இவரது வழி.

இலங்கையில் உரையாடலும் உரசலும்

பௌத்தர் பெரும்பான்மையாக வாழும் இலங்கையில் இம்முயற்சி இன்னும் ஆழமானது. இயேசு சபைக் குரு அலோசியஸ் பீரிஸ் பௌத்த மெய்யியலில் முனைவர் பட்டம் பெற்று, 1974இல் களனியில் துலானா ஆய்வு மையத்தை நிறுவினார். மெதடிஸ்ட் இறையியலாளர் லின் டி சில்வா அனாத்மக் கொள்கையைக் கிறித்தவ மானிடவியலோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். ஊவா மாகாணத்தின் புத்தல (Buttala) பகுதிப் பௌத்த உழவர்களோடு வாழ்ந்த மைக்கேல் ரொட்ரிகோ அடிகளார் 1987 நவம்பரில் திருப்பலி வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பிற சமயங்களில் உள்ள உண்மையானதையும் தூயதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தது. 1989இல் ரோமிலிருந்து வந்த மடல் ஜென் போன்ற முறைகளைக் கிறித்தவச் செபத்தோடு கலப்பதில் எச்சரிக்கை காட்டியது. பௌத்தம் பற்றித் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1994இல் வெளியான தம் நூலில் எழுதியவை இலங்கைப் பிக்குகளைப் புண்படுத்தின. மறு ஆண்டு அவர் கொழும்பு வந்தபோது நடந்த பல்சமயச் சந்திப்பைப் பௌத்தத் தலைவர்கள் புறக்கணித்தனர்.

மதிப்பீடு

'இரண்டையும் பின்பற்ற முடியுமா?' என்பதற்கு மூன்று தளங்களில் மூன்று விடைகள் உள்ளன. பயிற்சியளவில் முடியும், மூச்சைக் கவனித்து அமர்வதும், உயிர்களிடம் அன்பு பேணுவதும், பஞ்சசீலத்தின் ஒழுக்கமும் கிறித்தவரின் மனச்சான்றோடு மோதுவதில்லை. கோட்பாட்டளவில் கடவுளையும் ஆன்மாவையும் குறித்த வேறுபாடு தீராதது. அதை ஒப்புக்கொண்டு இரண்டின் நடுவே வாழ்வதற்கு நீண்ட பயிற்சியும் துணிவும் தேவை. பதிவேட்டளவில் இந்தியத் தலித்துக்கு இது இயலாது. அவர் ஒன்றையே எழுத வேண்டும், எழுதும் சொல்லுக்கேற்ப உரிமை கூடும் அல்லது குறையும். முதல் இரண்டும் அவரவர் மனச்சான்றுக்கு உரியவை. மூன்றாவது அரசு விதித்த தடை. சாதிக் கொடுமை தேவாலய வாசலில் நின்றுவிடுவதில்லை என்பதைத் தங்கவயல் மக்கள் நூறாண்டுக்கும் மேலாக அறிந்திருக்கிறார்கள். சாதியால் வந்த இழப்புக்கான ஈட்டைச் சமயத்தோடு கட்டிவைக்கும் விதி நீங்கினால்தான், புத்தரிடமும் இயேசுவிடமும் ஒரு தமிழர் கொள்ளும் பற்று முழுமையாக அவரது சொந்தத் தெரிவாக இருக்க முடியும்.