செஞ்சிக் கோட்டை வாசலும் எங்க அபார்ட்மென்ட் வாசலும்

செஞ்சிக் கோட்டைக்குப் போயிருக்கீங்களா? திண்டிவனத்துல இருந்து திருவண்ணாமலைக்கு பஸ் ஏறினா, பாதி வழியில ஜன்னலுக்கு வெளியே தானா வந்து நிக்கும். யாரோ பாறைகளைக் கொட்டிக் குவிச்ச மாதிரி மூணு மலை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம். மூணையும் இணைச்சு முக்கோணமா ஓடுற மதில். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியர்களின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மீதி ஒண்ணு நம்ம செஞ்சி.

இந்தக் கோட்டையைப் பத்திப் பேசினா ராஜா, படையெடுப்பு, பீரங்கின்னு போவாங்க. இன்னைக்கு நான் வாசலைப் பத்தி மட்டும் பேசப் போறேன். ஏன்னா, எங்க அபார்ட்மென்ட் வாசல்ல நான் ஒரு தப்பு பண்ணேன். அது என்னன்னு யோசிச்சு யோசிச்சுத்தான் செஞ்சிக்கே போனேன்.

முதல்ல அந்தக் கதை. நான் சென்னையில இருக்கிறது 24 வீடு உள்ள ஒரு பழைய அபார்ட்மென்ட். ராத்திரி வாட்ச்மேன் சம்பளத்தை மிச்சப்படுத்தலாம்னு அசோசியேஷன்ல முடிவு பண்ணி, கேட்ல ஒரு டெலிபோன் பேனல் மாட்டினோம். பார்த்திருப்பீங்க. சுவத்துல ஒரு ஸ்டீல் பெட்டி, நம்பர் பட்டன், சின்ன ஸ்பீக்கர், மைக். உள்ளே ஒரு சிம் கார்டு. வர்றவங்க வீட்டு நம்பரை அழுத்தினா, பேனல் அந்த வீட்டுக்காரங்க மொபைலுக்கு கால் பண்ணும். அவங்க பேசிப் பார்த்துட்டு 9 அழுத்தினா கேட் திறக்கும். எலெக்ட்ரீஷியன் வயர் இழுத்து, பூட்டை மாட்டிட்டுப் போயிட்டார். கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளுன்னு ப்ரோக்ராம் பண்ற வேலை என்கிட்ட வந்துச்சு. 24 வீடு, 24 நம்பர். ஒரு மணி நேரத்துல முடிச்சிட்டு காபி குடிச்சேன்.

மூணாவது வாரம். ராத்திரி பதினொண்ணரை மணி இருக்கும். மூணாவது மாடியில ஒரு அம்மா, அவங்க கணவருக்கு நெஞ்சு வலின்னு 108-க்கு போன் பண்ணியிருக்காங்க. வண்டி சீக்கிரமே வந்துருச்சு. வாசல்ல நின்னு 302 அழுத்தறாங்க. எங்கேஜ்டு. ஏன்? அதே நேரத்துல ஆம்புலன்ஸ் டிரைவர் அந்த அம்மா மொபைல்லதான் பேசிக்கிட்டிருக்கார். "கதவு திறக்கலம்மா"ன்னு அவர் சொல்றார். அவங்க பதறிப்போய் 9, 9, 9-னு அழுத்தறாங்க. அந்தச் சத்தம் டிரைவர் காதுக்குத்தான் போகுது, பேனலுக்குப் போகல. கணவரைத் தனியா விட்டுட்டு மூணு மாடி இறங்கவும் அவங்களால முடியல. செகண்ட் ஷோ பார்த்துட்டு வந்த ஒரு பையன் தன்னோட கோடைப் போட்டுத் திறந்து விட்டான். அந்த சார் பிழைச்சுட்டார், இப்போ நல்லா இருக்கார். ஆனா அந்தச் சில நிமிஷம் கேட்டைப் பூட்டி வெச்சிருந்தது திருடனும் இல்ல, மெஷின் கோளாறும் இல்ல. மெஷின் நான் சொன்னதைத்தான் செஞ்சுச்சு.

இப்போ வரலாற்றுக்கு வருவோம். ஒரு வாசலுக்கு நாலு விஷயம் வேணும். தடுக்க ஒரு கதவு. வந்திருக்கிறது யாருன்னு உள்ளே போய்ச் சேர ஒரு வழி. யாரை விடலாம்னு ஒரு பட்டியல். கடைசியா, முடிவு எடுக்க ஒரு ஆள். கதவு மரமா இருந்தாலும் காந்தமா இருந்தாலும் இந்த நாலும் மாறல.

பட்டியலுக்குப் பழைய உதாரணம் செஞ்சிக்குப் பக்கத்துலயே இருக்கு. இன்னைய திண்டிவனம் பகுதி சங்க காலத்துல ஓய்மா நாடு. அதை ஆண்டவன் நல்லியக்கோடன். அவன் மேல நத்தத்தனார் பாடினதுதான் சிறுபாணாற்றுப்படை. அதுல அவன் அரண்மனை வாசலைப் பத்தி ஒரு செய்தி வருது. எல்லாரும் சட்டுனு நுழைஞ்சிட முடியாத வாசல் அது. ஆனா பொருநர், புலவர், அந்தணர் வந்தா மூடாத வாசல். யோசிச்சுப் பாருங்க, இது ஒரு அனுமதிப் பட்டியல். இந்த மூணு பேருக்கு எப்பவும் வழி உண்டு, மத்தவங்க காத்திருக்கணும்.

செய்தி போற வழிக்கு உதாரணம் சிலப்பதிகாரம். கையில ஒத்தைச் சிலம்போட கண்ணகி மதுரை அரண்மனை வாசலுக்கு வர்றா. வாயிற்காவலன் அவளைத் தடுத்துத் துரத்தல. உள்ளே போய், இப்படி ஒரு பெண் வந்திருக்கா, கணவனை இழந்தவளாம், கையில ஒத்தைச் சிலம்பு இருக்குன்னு பாண்டியன்கிட்ட சொல்றான். வரச் சொல்லுன்னு பதில் வருது. நம்ம பேனல் செய்யிற அதே வேலை: விசாரி, சொல்லு, பதில் வந்தா திற. ஆனா ஒரு பெரிய வித்தியாசம் கவனிங்க. கண்ணகி எந்தப் பட்டியல்லயும் கிடையாது. ஊருக்கே புதுசு. அவளைப் பார்த்து, இது அவசரம்னு புரிஞ்சுக்க ஒரு மனுஷன் வாசல்ல இருந்தான். அவன் இல்லைன்னா அந்தக் காப்பியமே வாசல்ல நின்னிருக்கும்.

சரி, கோட்டைக்கு ஏறுவோம். செஞ்சியில வாசல்ங்கிறது ஒரே ஒரு கதவு இல்ல. வாசலுக்குள்ள வாசல். கீழ்க்கோட்டைக்கு வடக்குல ஆற்காடு வாசல், கிழக்குல புதுச்சேரி வாசல். நுழையிற வழி நேரா போகாது, மதில்களுக்கு நடுவுல வளைஞ்சு திரும்பும். யானையோ, ஆளுங்க தூக்கி வர்ற உத்தரமோ ஓடி வந்து வேகமா மோதக் கூடாதுங்கிறதுக்காக. அதைத் தாண்டி ராஜகிரியில ஏறணும். உயரம் சுமார் 800 அடி. மூச்சு வாங்க ஏறினா, உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி பாறை ரெண்டா பிளந்து நிக்கும். சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அந்தக் காலத்துல அது மேல ஒரு மரப்பாலம், வேணாம்னா எடுத்துடலாம். பாலத்தை எடுத்துட்டா, கைவிரல்ல எண்ணுற ஆளுங்களே ஒரு படையை நிறுத்திடலாம். இன்னைக்கு நாம அந்த இடத்துல நின்னு செல்ஃபி எடுக்கிறோம். அன்னைக்கு அங்கே நின்னவன் கையிலதான் கோட்டையோட உயிர் இருந்துச்சு.

இவ்வளவு பலமான வாசல். அப்புறம் எப்படிக் கைமாறுச்சு?

1677-ல் சிவாஜி செஞ்சியை பீஜப்பூர்க்காரர்களிடமிருந்து வாங்கினார். "வாங்கினார்"னு தெரிஞ்சேதான் சொல்றேன். பெரிய முற்றுகையெல்லாம் நடக்கல. உள்ளே இருந்த தலைவரோட பேரம் பேசி முடிஞ்சுது. கதவை உடைக்கல, திறக்க வேண்டியவனைப் பிடிச்சாங்க.

அடுத்து, சிவாஜியோட மகன் ராஜாராம். 1689-ல் மகாராஷ்டிரத்திலிருந்து தப்பி வந்து செஞ்சியைத் தலைநகரமாக்கினார். 1690-ல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் முற்றுகையிட்டார். 1698 வரைக்கும், ஏறக்குறைய எட்டு வருஷம். ஒரு கோட்டையைப் பிடிக்க எட்டு வருஷமா? அந்தக் காலத்திலேயே பலருக்குச் சந்தேகம் வந்துச்சு, சுல்பிகர் கான் மராத்தியர்களோட உள்ளுக்குள்ள ஒரு ஏற்பாடு வெச்சிருக்கார்னு. கடைசியில கோட்டை விழுந்தப்போ ராஜாராம் உள்ளே இல்லை. அதுக்கு முன்னாடியே வெளியேறிட்டார்.

1750 செப்டம்பர்ல கதை வேற. பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, கீழ்க்கோட்டை வாசல்ல வெடி வெச்சுத் தகர்த்து உள்ளே நுழைஞ்சார். அன்னைக்கு ராத்திரியே மலைகள் மேலயும் ஏறிட்டாங்க. விடியும்போது கோட்டை பிரெஞ்சுக்காரங்க கையில. முகலாயர்களுக்கு எட்டு வருஷம், இவங்களுக்கு ஒரு ராத்திரி. மதில் அதேதான், மலை அதேதான். தோத்து ஓடிவந்து உள்ளே புகுந்த படை குழப்பத்துல இருந்துச்சு. எந்த வாசல்ல யார் நிக்கணும், யார் உத்தரவு கொடுக்கணும்னு தெளிவு இல்லைன்னா, 60 அடி பள்ளமும் உதவாது. 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. ஏப்ரலில் செஞ்சியும் சரணடைந்தது.

இந்த மூணு கதையிலும் ஒரே விஷயம்தான் எனக்குத் தெரியுது. கதவு எவ்வளவு கெட்டிங்கிறது ரெண்டாவது கேள்வி. திறக்கவோ மூடவோ முடிவு எடுக்க வேண்டிய நேரத்துல, அந்த ஆள் அங்கே இருக்கானா, அவனால முடியுமா, அதுதான் முதல் கேள்வி.

டெலிபோன் வந்தப்போ மாறினது என்னன்னா, முடிவு எடுக்கிற ஆள் வாசல் பக்கத்துலயே இருக்கணும்கிற கட்டாயம் போச்சு. 1963-ல் அமெரிக்காவுல பெல் நிறுவனம் பட்டன் போனைக் கொண்டு வந்தாங்க. ஒவ்வொரு பட்டனுக்கும் ரெண்டு ஒலி ஒண்ணா வரும். 9 அழுத்தினா 852 ஹெர்ட்ஸும் 1477 ஹெர்ட்ஸும் சேர்ந்து கேக்கும். ஏன் ரெண்டு? மனுஷன் பேசுற குரல் தற்செயலா பட்டன் ஒலி மாதிரி ஆயிடக் கூடாதுன்னுதான். எண்ணை டயல் பண்ண கண்டுபிடிச்ச இந்த ஒலி, கால் எடுத்த பிறகும் வயர் வழியா போகும். அதையே கதவு திறக்கிற உத்தரவா மாத்திக்கிட்டாங்க. பேனல் அந்த ரெண்டு ஒலியைக் கேட்டதும் ஒரு ரிலேவை இழுக்கும், பூட்டுக்குப் போற 12 வோல்ட் கரன்ட் நிக்கும், காந்தம் விட்டுடும். நம்ம ஊர் அபார்ட்மென்ட்ல சாதாரணமா மாட்டுற காந்தப் பூட்டு 280 கிலோ இழுவையைத் தாங்கும். 9-ங்கிற ஒரு சத்தம் அதை விடுவிச்சிடும்.

இதுல ஒரு நல்ல குணமும் உண்டு. காந்தப் பூட்டுக்குக் கரன்ட் போச்சுன்னா கதவு தானா திறந்துக்கும். தீ விபத்துல உள்ளே இருக்கிறவங்க வெளியே ஓட அது வேணும். கரன்ட் போனா பூட்டியே இருக்கிற வகையும் இருக்கு. எதை எங்கே மாட்டுறதுங்கிறது திருடனுக்குப் பயப்படுறோமா, தீக்குப் பயப்படுறோமாங்கிற கேள்வி. செஞ்சியில மரப்பாலத்தை எடுக்கும்போதும் அவங்களுக்கு இதே சிக்கல்தான். எதிரி வர முடியாது. நாமும் இறங்க முடியாது.

என் தப்புக்கு வர்றேன். நான் கதவையும் பட்டியலையும் மட்டும் யோசிச்சேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே ஒரு நம்பர் போட்டேன். அந்த போன் பிஸியா இருந்தா, சார்ஜ் இல்லைன்னா, ஊர்ல இல்லைன்னா, அந்த வீட்டுக்கு வாசலே இல்ல. அவசரத்துல ஒருத்தர் கையில எடுக்கிற அதே போனைச் சாவியாவும் ஆக்கியிருந்தேன். நத்தத்தனார் பாடின வாசல்ல மூணு பேருக்கு மூடாத வழி இருந்துச்சு. என் பட்டியல்ல ஆம்புலன்ஸுக்கு வழி இல்ல.

அடுத்த ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து மாத்தினேன். கடையில இருந்து வந்தப்போ இருந்த மாஸ்டர் கோடை மாத்தினோம். அது அப்படியே இருந்தா மேனுவல் படிச்ச யாரும் ராஜா ஆகிடலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ரெண்டாவது, மூணாவது நம்பர். முதல் நம்பர் எங்கேஜ்டா இருந்தா பேனல் அடுத்ததுக்குப் போகும். மூணாவது நம்பர் கண்டிப்பா வேற வீட்டுக்காரங்களோடது. கேட் திறந்திருக்கிற நேரம் அஞ்சு செகண்ட் இருந்துச்சு. ஸ்ட்ரெச்சர் நுழைய அது பத்தாது, இருபது ஆக்கினோம். உள்ளே இருக்கிற எக்ஸிட் பட்டனை பேனல் வழியா விடாம நேரா பூட்டோட கரன்ட்டை வெட்டுற மாதிரி மாத்தினோம். பேனல் செத்தாலும் வெளியே வந்துடலாம். அவசரத்துக்குன்னு தனியா ஒரு கோடு. 108-க்கு போன் பண்ணும்போதே அதைச் சொல்லிடணும்னு எல்லா வீட்டுக் கதவுக்குப் பின்னாடியும் எழுதி ஒட்டியிருக்கோம். வீட்டைக் காலி பண்ணிட்டுப் போனவங்க நம்பரை அழிக்க மாசத்துக்கு ஒரு நாள்.

அப்புறம், ராத்திரி வாட்ச்மேனைத் திரும்பக் கூப்பிட்டோம். வீட்டுக்கு மாசம் கொஞ்சம் கூடுதலா ஆகுது. மீட்டிங்ல வாக்குவாதம் ஆச்சு, பேனல் எதுக்குன்னு கேட்டாங்க. பட்டியல்ல இருக்கிறவங்களுக்கு பேனல், இல்லாதவங்களுக்கு அண்ணன்னு சொன்னேன். மூணாவது மாடி அம்மா முதல் ஆளா கை தூக்கினாங்க.

நீங்க கேட் வெச்ச அபார்ட்மென்ட்ல இருந்தா, இந்த வாரம் ஒரு வேலை பண்ணுங்க. உங்க மொபைல்ல இருந்து யாருக்காவது கால் போட்டுப் பேசிக்கிட்டே இருங்க. ஒரு ஃப்ரெண்டை வாசல்ல நின்னு உங்க வீட்டு நம்பரை அழுத்தச் சொல்லுங்க. கதவு திறக்குதான்னு பாருங்க. அப்படியே ஒரு சனிக்கிழமை செஞ்சிக்குப் போங்க. காலையில சீக்கிரம் ஏறுங்க, தண்ணி எடுத்துக்கோங்க, குரங்குங்ககிட்ட ஜாக்கிரதை. ராஜகிரி உச்சிப் பாலத்துல ஒரு நிமிஷம் நின்னு கீழே பாருங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.