வெட்டின லேபிள்

எங்க அவிநாசியிலிருந்து திருப்பூர் பக்கம்தான். சின்ன வயசுல தீபாவளிக்கு காதர்பேட்டைக்குப் போவோம். ஏற்றுமதியில் மிஞ்சின டீ-சர்ட்டுகள் மலை மாதிரி குவிஞ்சு கிடக்கும். கழுத்துல லேபிளை மட்டும் வெட்டியிருப்பாங்க. "ஏனுங்கப்பா வெட்டிட்டாங்க?" என்று கேட்டேன். "துணியும் தையலும் நம்முது, பேரு அவங்களுது கண்ணு" என்றார் அப்பா.

1978ல் இத்தாலியிலிருந்து வெரோனா என்பவர் மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக வெள்ளை டீ-சர்ட் வாங்க திருப்பூர் வந்தார். 1981ல் ஐரோப்பாவின் சி அண்ட் ஏ வந்தது. அளவு, சாயம், தரம், டெலிவரி தேதி எல்லாம் வாங்க வந்தவங்ககிட்ட கத்துக்கிட்டோம். பேரை விற்பது எப்படி என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரலை. ஏன் தரணும்? அதுதானே அவங்க தொழில்!

அதை நம்மள மாதிரியே அடுத்தவங்க பேருக்கு வேலை செஞ்சு, வெளியே வந்தவங்ககிட்டதான் கேட்கணும். எனக்குத் தெரிஞ்சு ரெண்டு பேர்.

ஒருவர் தைவானின் ஸ்டான் ஷி, ஏசர் கம்ப்யூட்டர் நிறுவனர். 1992ல் அவர் சொன்னது 'புன்னகை வளைவு'. சிரிக்கிற வாய் மாதிரி ஒரு கோடு. ஒரு முனையில் ஆராய்ச்சியும் வடிவமைப்பும், மறுமுனையில் பிராண்டும் விற்பனையும். லாபம் அந்த ரெண்டு மேட்டில். நடுப்பள்ளத்தில் உற்பத்தி. அந்தப் பள்ளத்தில் பவர் டேபிளைப் போட்டுப் பாருங்க, அப்படியே திருப்பூர்!

இன்னொருவர் இலங்கையின் மெரில் ஜே. பெர்னாண்டோ. 1950களில் லண்டனுக்குப் போய்த் தேயிலை ருசி பார்க்கும் தொழில் கத்துக்கிட்டார். பெட்டி பெட்டியாகப் போன இலங்கைத் தேயிலை, அங்கே மற்ற நாட்டுத் தேயிலையோடு கலந்து வேறு யாரோ பேரில் விலைபோவதைப் பார்த்தார். 1980களில் இலங்கையிலேயே பொட்டலம் கட்டி, சொந்தப் பேரில் ஆஸ்திரேலியாவில் விற்க ஆரம்பித்தார். தில்ஹான், மாலிக் என்ற மகன்களின் பேரைச் சேர்த்து 'தில்மா'.

இதைப் படிச்சதும் எனக்கு நம்ம ஊர்க்காரர் ஞாபகம் வந்தது. அவிநாசியைச் சேர்ந்த கே.ஆர். நாகராஜன் 1983ல் தொடங்கியது ராம்ராஜ். அப்பா ராமசாமியின் 'ராம்', தன் பேரின் 'ராஜ்'. அவர் மகன்கள் பேரை வைத்தார், இவர் அப்பா பேரை வைத்தார். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் செஞ்சதா நான் சொல்லலை. ரெண்டு பேரும் வீட்டுப் பேரையே சரக்குக்கு ஜாமீனாக வெச்சாங்க, அவ்வளவுதான்.

ஆனா ராம்ராஜ் வளர்ந்தது உள்ளூர் வேட்டிச் சந்தையில். ஏற்றுமதி டீ-சர்ட்டுக்கு அந்தக் கேள்வி அப்படியேதான் நிக்குது. அதுக்குக் காரணமும் இருக்குங்க. ஆர்டர் வேலைன்னா வாங்குறவர் முன்னாடியே உறுதி. பிராண்டுன்னா தைச்சு வெச்சுட்டு வாங்க ஆள் வரணும்னு காத்திருக்கணும். விளம்பரம், தேங்கின சரக்கு எல்லாம் நம்ம தலையில். கடன் வாங்கி மிஷின் போட்டவருக்கு இது லேசில்லை.

ஆர்டர் வேலையிலும் பயம் இல்லாமல் இல்லை. என் மாமா ஒருத்தர் ஒரே வெளிநாட்டு பையரை நம்பி யூனிட் நடத்தினார். ஒரு சீசன் ஆர்டர் ரத்தானது. தைச்ச அத்தனை உருப்படியும் லேபிள் வெட்டி, கிலோ கணக்கில் போச்சு. சொந்தமாக விற்க அவர்கிட்ட ஒரு பேர் இல்லை.

இருபது வருஷமா நானும் வேறொருத்தர் பேரில் போகும் மென்பொருளைத்தான் எழுதறேன். அதனாலதானோ என்னமோ, அந்த வெட்டின லேபிள் இன்னும் கழுத்துல உறுத்துது.